நதியைக் கும்பிடுகிறவர்கள்தான் நதியைக் கெடுக்கிறார்களா?

கேள்வி சுருக்கமாக இது: கங்கை, யமுனை, காவிரி என்று ஆற்றையே தாயாகவும் தெய்வமாகவும் கும்பிடுகிற நாட்டில் அதே ஆறுகள் ஏன் இப்படி நாறுகின்றன, பக்தர்கள் போடும் பூவும் துணியும் சாம்பலும்தானே காரணம், இந்தத் தண்ணீரில் முங்கி எழுந்தால் உடம்புக்கு ஆகுமா?

நடுவில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பக்தியைத் திட்டுகிறவர்களும் பக்தியைக் காப்பாற்ற வருகிறவர்களும் அந்த இடத்தில்தான் மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள், அதற்குள் சாக்கடை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பக்தர்கள் போடுவது குப்பைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆற்றைக் கொல்வது அது இல்லை. நகரங்களின் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும்தான் கொல்கின்றன, அவற்றை அடித்துக்கொண்டு போகிற அளவுக்கு ஆற்றில் தண்ணீரே விடாமல் அணையிலும் கால்வாயிலும் திருப்பிவிடுவது அந்த வேலையை முடித்து வைக்கிறது.

கணக்காகப் பார்ப்போம். ஒரு நகரத்தில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் தர வேண்டும் என்பது நம் நாட்டுப் பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவு. அதில் சுமார் 80 சதவீதம் குளியலறை, சமையலறை, கழிப்பறை வழியாக அன்றைக்கே வெளியே வந்துவிடும், அதாவது ஆளுக்கு 108 லிட்டர். பத்து லட்சம் பேர் இருக்கும் ஊர் என்றால் தினமும் 10.8 கோடி லிட்டர். திருவிழா இருந்தாலும் இல்லாவிட்டாலும், அமாவாசையோ பௌர்ணமியோ, அது வந்துகொண்டேதான் இருக்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021ல் வெளியிட்ட கணக்குப்படி இந்திய நகரங்களில் ஒரு நாளைக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 எம்.எல்.டி. (ஒரு எம்.எல்.டி. என்பது நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர்). அதைச் சுத்திகரிக்கக் கட்டி வைத்திருக்கும் நிலையங்களின் கொள்ளளவு 31,841. உண்மையில் சுத்தமாகி வெளியே வந்தது இருபதாயிரத்துச் சொச்சம், அதாவது 28 சதவீதம். மிச்சம் ஐம்பதாயிரத்துச் சொச்சம் எம்.எல்.டி. எங்கே போயிருக்கும்? ஏரி, குளம், ஆறு, நிலத்தடி. இதோடு ஒரு கூடை சாமந்திப்பூவை வைத்துப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "கங்கை பெரிய ஆறு, எதையும் கரைத்துவிடும்" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். குளிக்கத் தகுந்த தண்ணீர் என்று வாரியம் சொல்வதற்கு 100 மில்லியில் மலத்திலிருந்து வரும் கோலிஃபார்ம் கிருமி அதிகபட்சம் 2,500 இருக்கலாம், 500க்குள் இருந்தால் நல்லது. சுத்திகரிக்காத சாக்கடையில் அதே 100 மில்லியில் பத்து லட்சம் இருப்பது சர்வ சாதாரணம், ஒரு கோடியும் இருக்கும். பத்து லட்சத்தை 2,500க்குக் கொண்டுவர ஒரு லிட்டர் சாக்கடைக்கு 400 லிட்டர் சுத்தமான தண்ணீர் கலக்க வேண்டும். கோடைகாலத்தில் அந்த 400 லிட்டர் எங்கே இருக்கிறது?

கான்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். சீசாமௌ நாலா என்று ஒரு கால்வாய், நூறு வருடத்துக்கும் மேலாக ஊர்ச் சாக்கடையை நேரே கங்கையில் கொட்டிக்கொண்டிருந்தது, நாளைக்குச் சுமார் 140 எம்.எல்.டி. 2018 கடைசியில்தான் அதைத் திருப்பி சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பினார்கள். அதே ஊரில் ஜாஜ்மௌ பகுதியில் தோல் பதனிடும் ஆலைகள், அங்கிருந்து வருவது குரோமியம். சாக்கடைக் கிருமிக்காவது வெயிலிலும் ஓட்டத்திலும் சாவு உண்டு, குரோமியம் எங்கேயும் போகாது, வண்டலில் போய் உட்கார்ந்துகொள்ளும். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் 1985ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில்தான், முதல்நிலைச் சுத்திகரிப்புகூட வைக்காத தோல் ஆலைகளை மூடச் சொல்லி 1987ல் தீர்ப்பு வந்தது.

1986ல் ராஜீவ் காந்தி வாரணாசியில் தொடங்கிவைத்த கங்கைச் செயல் திட்டம் ஏன் தோற்றது என்பதை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். பணம் இல்லாமல் இல்லை, நிலையங்களும் கட்டினார்கள். ஆனால் சாக்கடையை நிலையத்துக்கு ஏற்றுவது மின்சார பம்பு. உத்தரப் பிரதேசத்து நகரங்களில் அன்றைக்கு மின்வெட்டு எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. பம்பு நின்ற நேரத்தில் சாக்கடை காத்திருக்காது, பழைய வழியிலேயே ஆற்றுக்குப் போய்விடும். கட்டியதை நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள், நகராட்சியிடம் கரண்ட் பில் கட்டவே காசில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமானது, அந்த நிலையங்களில் பல கிருமியைக் கொல்வதற்காக வடிவமைத்தவையே இல்லை. அழுகும் பொருளைக் குறைக்கும், தண்ணீர் பார்க்கத் தெளிந்திருக்கும், கோலிஃபார்ம் லட்சக்கணக்கில் அப்படியே வெளியே போகும். கரையில் குளித்து வாயில் தண்ணீர் விட்டுக்கொள்ளும் மனிதனுக்கு எது ஆபத்தோ அதைத் தொடவே இல்லை.

இதைத் திரும்பத் திரும்பச் சொன்னவர் வீர பத்ர மிஸ்ரா. வாரணாசி சங்கட மோசன் அனுமார் கோவிலின் மகந்த், அதாவது கோவிலின் தலைவர், அதோடு பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியர். காலையில் துளசி படித்துறையில் இறங்கிக் குளிப்பார், அதே படித்துறையில் ஆய்வுக்கூடம் வைத்து அதே தண்ணீரைச் சோதிப்பார். 1982ல் இதற்கென்றே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். கரையோரமாகவே குழாய் போட்டுச் சாக்கடையை மறித்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓட விட்டு, ஊருக்கு வெளியே பெரிய குளங்களில் பாசியையும் வெயிலையும் வைத்துச் சுத்தம் செய்யலாம், கரண்ட் அதிகம் வேண்டாம் என்பது அவர் முன்வைத்த யோசனை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்வால்டின் குள முறை அது. 2013ல் அவர் இறக்கும்வரை அது முழுதாக நிறைவேறவில்லை. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் படிக்க வேண்டிய ஒரே வாழ்க்கை அவருடையதுதான், ஏனென்றால் நம்பிக்கையும் அளவீடும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டாம்.

வாரணாசியில் இன்னொன்றையும் பார்க்கலாம். ஊரின் இரண்டு எல்லையாகச் சொல்லப்படும் வருணா, அசி இரண்டும் புராணத்தில் வரும் ஆறுகள். இன்றைக்கு அசியை அசி நாலா என்றுதான் ஊரில் சொல்கிறார்கள், பார்த்தால் சிமென்ட் கரைக்கு நடுவே கறுப்பாக ஒரு வாய்க்கால். டெல்லியின் நஜஃப்கர் வாய்க்காலும் சாஹிபி என்ற ஆறாக இருந்ததுதான். சென்னைக் கூவத்தின் மேல்பகுதியில், கூவம் என்ற அதே பெயருள்ள ஊரில், பாடல் பெற்ற சிவத்தலம் இருக்கிறது. பெரிய ஆற்றுக்கு ஆரத்தி நடக்கிறது, அதில் வந்து சேரும் சின்ன ஆறுகளை அரசாங்கமும் ஜனங்களும் சேர்ந்து சாக்கடை என்று எழுதி வைத்துவிட்டோம்.

தண்ணீர் இல்லாமை என்று சொன்னேன், அதற்கு யமுனைதான் உதாரணம். இமயத்திலிருந்து இறங்கி ஹத்னிகுண்ட் தடுப்பணைக்கு வரும்போது யமுனை நல்ல ஆறு. அங்கே கிழக்கு, மேற்கு யமுனைக் கால்வாய்களில் பெரும்பகுதியைத் திருப்பிவிடுகிறார்கள், டெல்லி வஜீராபாத்தில் மிச்சத்தையும் குடிநீருக்கு எடுத்துவிடுகிறார்கள். மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் அதற்குக் கீழே யமுனை என்று ஓடுவது பெரும்பாலும் டெல்லி வாய்க்கால்களில் வரும் தண்ணீர்தான். வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டர், ஆற்றின் மொத்த நீளம் 1,376 கிலோமீட்டரில் 2 சதவீதம்கூட இல்லை, ஆனால் யமுனையின் மாசில் முக்கால் பங்குக்கு மேல் இந்தத் துண்டில்தான் சேர்கிறது.

ஓக்லா தடுப்பணைக்குக் கீழே காளிந்தி குஞ்ச் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளை நுரை மிதப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சத் பூஜைக்குப் பெண்கள் இடுப்பளவு நுரையில் நின்று சூரியனுக்கு அர்க்கியம் விடுவார்கள். அந்த நுரை வீட்டுச் சோப்புத்தூளும் பாஸ்பேட்டும் சேர்ந்த சாக்கடை, தடுப்பணையிலிருந்து விழும்போது கடைந்து நுரைத்து வருகிறது. அந்தத் தண்ணீர்தான் அடுத்து பிருந்தாவனத்துக்கும் மதுராவுக்கும் போகிறது. கண்ணன் விளையாடிய யமுனை என்று குஜராத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து ஒரு உத்தரணி ஆசமனம் செய்கிறவர் உண்மையில் குடிப்பது என்ன என்று நினைத்துப் பாருங்கள். பிருந்தாவனத்துக்காரர்கள் போட்ட அழுக்கு இல்லை அது.

இங்கே ஒரு வேடிக்கை. அதே யமுனை இட்டாவா மாவட்டத்தில் கொஞ்சம் உயிர் பெற்று எழுகிறது, காரணம் அங்கே வந்து சேரும் சம்பல். சம்பலுக்கு வடக்கே நல்ல பெயர் கிடையாது. ரந்திதேவன் என்ற புராணகால அரசன் யாகத்தில் வெட்டிய பசுக்களின் ரத்தத்தில் பிறந்தது என்றும் திரௌபதி சாபமிட்ட ஆறு என்றும் சொல்வார்கள். அதனால் கரையில் பெரிய க்ஷேத்திரங்களும் இல்லை, படித்துறை நகரங்களும் இல்லை. போதாததற்குப் பள்ளத்தாக்கும் கொள்ளைக்காரர்களும். கோட்டா நகரத்தைத் தாண்டிவிட்டால் வட இந்தியாவின் சுத்தமான ஆறுகளில் அது ஒன்று, கரியால் முதலைகளுக்குக் கடைசிப் புகலிடம்போல இருப்பதும் அதுதான். புனிதம் வந்தால் அசுத்தம் வரும் என்று இதை வைத்துச் சொல்லிவிடாதீர்கள். புனிதம் வந்த இடத்தில் ஊர் வந்தது, ஊர் வந்த இடத்தில் சாக்கடை வந்தது, அவ்வளவுதான். லண்டன் தேம்ஸை யாரும் கும்பிடவில்லை, 1858 கோடையில் அது நாறிய நாற்றத்தில் பாராளுமன்றமே நடத்த முடியாமல் தவித்தார்கள்.

சரி, பக்தர்களுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. மொத்த ஆற்றில் சின்னது, படித்துறையில் பெரியது. பாபநாசத்தில் தாமிரபரணிப் படித்துறைக்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். பாவத்தைத் தொலைக்கிறோம் என்று உடுத்திய துணியை அவிழ்த்து ஆற்றோடு விட்டுவிடுவது அங்கே வழக்கம். பருத்தி வேட்டி காலத்தில் அது மக்கிப் போயிருக்கும். இன்றைக்குப் போவது பாலியெஸ்டர் புடவையும் நைலான் உள்ளாடையும் ஜீன்ஸும். தண்ணீருக்குள் கால் வைத்தால் பாறை என்று நினைத்து மிதிப்பது துணி மூட்டையாக இருக்கும். புடவை ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டால் அதன் மடிப்பில் மணல் ஏறும், மணல் மேல் இன்னொரு துணி, இரண்டு அமாவாசையில் படிக்கட்டு அடியில் ஒரு மெத்தை. தன்னார்வலர்கள் கொக்கி போட்டு இழுத்து டன் கணக்கில் அள்ளுகிறார்கள், அடுத்த அமாவாசைக்குள் மறுபடி சேர்ந்துவிடுகிறது. கரையில் பரிகாரம் செய்து வைக்கிறவர்கள் "துணியை அந்தத் தொட்டியில் போடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முக்கால்வாசி நின்றுவிடும், ஏனென்றால் வருகிறவர் செய்வது அவர்கள் சொல்வதைத்தான்.

பிள்ளையார் சிலையும் அப்படித்தான். களிமண்ணில் பிடித்து வாய்க்காலில் கரைத்தது ஒரு காலம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை சட்டென்று கரையாது, அதன் பெயின்ட்டில் ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் வரும். வாரியம் 2010ல் விதிமுறை போட்டு, 2020ல் அதைத் திருத்தி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் தெர்மோகோலும் கூடாது, செயற்கைக் குளத்தில் கரையுங்கள் என்று சொல்லியாகிவிட்டது. ஊரில் எது நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

பிணம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். வாரணாசியில் பிணம் எரிக்கும் மணிகர்ணிகை, ஹரிச்சந்திரா படித்துறைகளில் விறகு வாங்கக் காசில்லாமல் அரைகுறையாக எரிந்த உடல்களை ஆற்றில் தள்ளியது உண்மை. அதற்காகக் கங்கைத் திட்டத்தில் மாமிசம் தின்னும் ஆமைகளை வளர்த்து ஆயிரக்கணக்கில் விட்டார்கள், வாரணாசியில் ஆமைச் சரணாலயமே இருந்தது, 2020ல் அந்த அறிவிக்கையை ரத்து செய்துவிட்டார்கள். பார்க்கக் கொடூரமாக இருப்பதால் பிணம்தான் மனதில் நிற்கிறது. அழுகும்போது ஆற்றின் ஆக்சிஜனைத் தின்னும் கணக்கில் ஒரு நகரத்துக் கழிப்பறைகளுக்குப் பக்கத்தில் அது நிற்கவே நிற்காது.

பக்தியின் உண்மையான தப்பு வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். "கங்கைக்குத் தோஷம் ஒட்டாது, அவளே எல்லோர் அழுக்கையும் போக்குகிறவள்" என்ற நம்பிக்கை. இதைச் சொல்லும்போது கூடவே விஞ்ஞானமும் வரும், வெள்ளைக்காரனே ஒத்துக்கொண்டான் என்பார்கள். விஷயம் உண்மைதான். எர்னஸ்ட் ஹாங்கின் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஆக்ராவில் வேலை பார்த்தபோது கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமி சீக்கிரம் செத்துப்போவதைப் பார்த்து 1896ல் எழுதினார். கொதிக்க வைத்த தண்ணீரில் அந்தச் சக்தி இல்லை என்பதையும் கவனித்தார். இருபது வருடம் கழித்து பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்கள், அதாவது பேக்டீரியோஃபேஜ்கள் இருப்பது தெரியவந்தது, ஹாங்கின் பார்த்தது அதைத்தான் என்று இன்றைக்குப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு ஃபேஜ் ஒரு குறிப்பிட்ட வகைப் பாக்டீரியாவைத்தான் பிடிக்கும், மஞ்சள் காமாலை வைரஸை ஒன்றும் செய்யாது, குரோமியத்தின் பக்கமே போகாது. அதுவும் அவர் பார்த்தது 1890களின் ஆறு. கங்கோத்ரியில் பிடித்த சொம்புத் தண்ணீர் வருடக்கணக்கில் கெடாமல் இருப்பதைக் காட்டிக் கான்பூருக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

இத்தனைக்கும் சாஸ்திரம் இந்த அலட்சியத்துக்கு இடம் கொடுக்கவில்லை. தண்ணீரில் மலஜலம் கழிக்காதே, எச்சில் துப்பாதே என்று தைத்திரீய ஆரண்யகத்திலேயே இருக்கிறது. மனு ஸ்மிருதி நான்காம் அத்தியாயம் இன்னும் விளக்கமாக, அழுக்குப் பட்ட துணி, ரத்தம், விஷம் எதையும் தண்ணீரில் போடாதே என்று பட்டியலே போடுகிறது. பெரியவர்கள் ஆற்றுக்குள் சோப்பு போட மாட்டார்கள், துவைப்பது, தேய்ப்பது எல்லாம் கரையில் முடித்துவிட்டு அப்புறம்தான் இறங்குவார்கள். அந்த ஒழுங்கை விட்டுவிட்டு "ஒட்டாது" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

அப்புறம் தமிழ்நாடு. கங்கையைப் பற்றிப் பேசும்போது நமக்கு ஒரு பெருமூச்சு வரும், நம் வீட்டுக் கதை அதற்குச் சளைத்ததில்லை. வெள்ளியங்கிரியில் பிறந்து பேரூர் பட்டீஸ்வரர் கோவிலைத் தொட்டு வரும் நொய்யல், காஞ்சிமாநதி என்று புராணம் சொல்லும் ஆறு. இன்றைக்கும் பேரூர் படித்துறையில் திதி கொடுக்கிறார்கள். அது கோவையின் சாக்கடையை வாங்கிக்கொண்டு திருப்பூர் போய், அங்கே சாயப்பட்டறைத் தண்ணீரை வாங்கியது. அதற்குக் கீழே பாசனத்துக்கென்று 1992ல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள், அதில் தேங்கியது சாயக்கழிவு. விவசாயத்துக்குக் கட்டிய அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே போராடிய கூத்து வேறெங்கும் கேட்டிருக்க மாட்டீர்கள். உப்பு ஏறிய நிலம், உப்பு ஏறிய கிணறு, தென்னைகூடக் காய்ந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் விடாமல் வழக்கு நடத்தி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயக்கழிவில் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது, சவ்வூடு பரவல் முறையில் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பை எடுத்து, இரண்டையும் திரும்பப் பட்டறைக்கே கொண்டுபோக வேண்டும் என்ற ஏற்பாடு அதற்குப் பிறகுதான் உறைத்தது. திருட்டுத்தனமாக விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், மழை பெய்த இரவில் ஆற்றின் நிறம் மாறும். ஆனாலும் பழைய நிலை இல்லை, பின்னலாடைத் தொழிலும் அழிந்துபோகவில்லை.

பாலாற்றில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழில். அந்த வழக்கில்தான் 1996ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. காவிரியில் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்துச் சாயம் தெரிந்த கதை. தெரியாதது மருந்து. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2021ல் வெளியிட்ட ஆய்வில் காவிரித் தண்ணீரில் வலி மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, ஆன்டிபயாடிக் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. கரையோர ஊர்க்காரர்கள் விழுங்கும் மாத்திரைதான் சிறுநீர் வழியாகப் போகிறது, வழக்கமான சுத்திகரிப்பில் அது நிற்காது. மணல் கொள்ளை பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆற்றின் இயற்கை வடிகட்டி மணல்தான், அதை லாரியில் ஏற்றிவிட்டு ஊற்றுநீர் தெளிவாக இல்லை என்று அழுதால் என்ன செய்வது.

சுத்தம் செய்ய முடியாதா என்றால், முடியும் என்பது அரசாங்கத்துக்கே தெரியும், கும்பமேளா வரும்போதெல்லாம் செய்து காட்டுகிறார்கள். 2019 கும்பமேளாவுக்கு ஜாஜ்மௌ தோல் ஆலைகளை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள், மேலே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், பிரயாக்ராஜில் நாலாக்களை மறித்தார்கள். மேளா முடிந்ததும் பழையபடி. வைகையில் கள்ளழகர் இறங்குவதற்கு அணையைத் திறப்பதும் இதே ரகம்தான், சாமிக்கு நாலு நாள் தண்ணீர், மற்ற நாட்களில் மதுரைச் சாக்கடை.

2025 மகா கும்பமேளாவில் நடந்ததைக் கவனித்திருப்பீர்கள். பல இடங்களில் கோலிஃபார்ம் அளவு குளிக்கும் தரத்துக்குள் இல்லை என்று மத்திய வாரியம் பிப்ரவரியில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்திடம் அறிக்கை கொடுத்தது. மாநில அரசு மறுத்தது, ஆசமனமே செய்யலாம் என்றது. சில நாளில் வாரியமே புள்ளியியல் முறையில் இடைநிலை மதிப்பு எடுத்துப் பார்த்தால் தரத்துக்குள் இருக்கிறது என்று இன்னோர் அறிக்கை கொடுத்தது. இரண்டுமே ஆவணத்தில் இருக்கின்றன. எனக்கு இதில் அரசியல் பேச ஆர்வமில்லை, ஆனால் முங்குகிற ஆள் இடைநிலை மதிப்பில் முங்குவதில்லை, அந்த நாளில் அந்தத் துறையில் இருக்கும் தண்ணீரில் முங்குகிறான்.

சட்டத்துக்கும் குறைவில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லேயே வந்துவிட்டது. 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையும் யமுனையும் சட்டப்படி உயிருள்ள நபர்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2014ல் அறிவித்த நமாமி கங்கே என்ற கங்கைத் தூய்மைத் திட்டத்தில் 20,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், அதில் எனக்குப் பிடித்த ஒரே அம்சம் கட்டும்போது 40 சதவீதம் பணம், மீதி 60 சதவீதம் 15 வருடம் நிலையத்தை ஓட்டிக்காட்டினால்தான் என்ற ஒப்பந்த முறை. 1986ல் விட்ட கோட்டை இதுதான் என்பதை யாரோ புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆற்றில் குறைந்தபட்ச ஓட்டம் வேண்டும் என்பதற்கும் 2018 அக்டோபரில் அறிவிக்கை வந்தது, மேல் கங்கையில் குளிர்காலத்தில் மாதச் சராசரியில் 20 சதவீதமாவது விட வேண்டும் என்று. அதே மாதம்தான் ஜி.டி. அகர்வால், கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராகவும் மத்திய வாரியத்தின் முதல் உறுப்பினர் செயலராகவும் இருந்து பிறகு சந்நியாசம் வாங்கியவர், கங்கை தடையில்லாமல் ஓட வேண்டும் என்று 111 நாள் உண்ணாவிரதம் இருந்து இறந்தார். 20 சதவீதம் அவர் கேட்டது இல்லை.

பக்தர்கள் கூட்டமாகக் கணக்குக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹரித்வார் உதாரணம் இருக்கிறது. அங்கே வெள்ளைக்கார அரசு பீம்கோடா அணை கட்டி எல்லாத் தண்ணீரையும் கால்வாய்க்குத் திருப்பப் பார்த்தபோது பண்டாக்கள் என்ற தீர்த்தப் புரோகிதர்களும் மதன் மோகன் மாளவியாவும் சமஸ்தான ராஜாக்களும் சேர்ந்து எதிர்த்து, 1916ல் ஒப்பந்தம் போட வைத்தார்கள், ஹர் கி பௌரி படித்துறைக்குத் தடையில்லாத ஓட்டம் வேண்டும் என்று. அன்றைக்குப் பொதுப்பணித் துறையோடு உட்கார்ந்து மதகு அளவு பேசியது பக்தர்கள்தான். இன்றைக்கு எந்தக் கோவில் நிர்வாகம் நகராட்சியைக் கூப்பிட்டு "பாதாளச் சாக்கடை எத்தனை வீட்டுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், சுத்திகரிப்பு நிலையத்துக்கு நேற்று எத்தனை எம்.எல்.டி. வந்தது, பம்பு எத்தனை மணி நேரம் நின்றது" என்று கேட்கிறது? இந்த மூன்று கேள்வியும் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்குக் கேட்கக்கூடியவை. உங்கள் ஊர் ஆற்றுக்கு நீங்களே கேட்டுப் பாருங்கள், பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

கடைசிக் கேள்வி, முங்கலாமா? நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மலையிலிருந்து வரும் செம்மண் வெள்ளம் கலங்கலாக இருந்தாலும் ஆபத்து குறைவாக இருக்கலாம், நகரத்துக்குக் கீழே கண்ணாடிபோலத் தெளிந்திருப்பது மோசமாக இருக்கலாம். ஊருக்கு மேலே ஓடுகிற துறையா, கீழே ஓடுகிற துறையா என்று பாருங்கள். கங்கையில் ரிஷிகேசம் வேறு, கான்பூருக்குக் கீழே வேறு. கோடை முடிந்து வரும் முதல் வெள்ளத்தில் இறங்காதீர்கள், வாய்க்காலில் மாதக்கணக்கில் தேங்கியது முழுவதும் அதில்தான் வரும். கோலிஃபார்ம் சோதனை முடிவு வர ஒன்றிரண்டு நாளாவது ஆகும், அதனால் பலகையில் எழுதியிருப்பது எப்போதும் பழைய கணக்கு. முங்கினாலும் மூன்று முங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாயில் விடாதீர்கள், ஆசமனத்துக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர் போதும். காலில் புண் இருப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் இறங்கவே வேண்டாம். குழந்தையை இறக்காவிட்டால் புண்ணியம் வராதே என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், ஸ்நானத்தில் ஏழு வகை சொல்லியிருக்கிறது, மந்திரத்தோடு நாலு துளி தெளித்துக்கொள்வதும் அதில் ஒன்று என்று சொல்லுங்கள். வீட்டுச் செம்பில் கையை வைத்து கங்கே ச யமுனே சைவ என்று ஏழு நதியையும் கூப்பிடும் வழக்கத்தை அவர்களே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.